அப்பாவின் என்.எச்.22 லேத்துக்கு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கண்ட்ரோல்) போடலாமா? கையில் 2 லட்சம் இருக்கிறது

பீன்யா_ஷெட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் எங்களுக்கு ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. அப்பா வாணியம்பாடியிலிருந்து வந்து, பத்து வருடம் அடுத்தவர் ஷெட்டில் டர்னராக நின்று, பிறகு ஒரு ஏலத்தில் எச்.எம்.டி. என்.எச்.22 லேத் (இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் மெஷின்) எடுத்துச் சொந்தமாகத் தொடங்கினார். சென்டர் உயரம் 220, பெட் (டூல் நகரும் அடித்தளம்) 1500 மி.மீ. இப்போது அப்பா இல்லை. ஷெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. லேத் ஓட்டத் தெரியும், ஆனால் டர்னர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

எங்களுக்குச் சோறு போடுவது ஒரே ஒரு ஜாப். பம்ப் ஷாஃப்ட். இ.என்.8 ஸ்டீல், 40 மி.மீ. ராடு, நீளம் 180, இரண்டு ஸ்டெப், ஒரு முனையில் எம்24, 3 பிட்ச் த்ரெட் (24 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 3 மி.மீ.). பேரிங் உட்காரும் இடத்துக்கு 0.3 மி.மீ. கூடுதலாக விட்டுக் கொடுத்தால் போதும், கிரைண்டிங் கம்பெனியே வெளியில் செய்துகொள்ளும். மாதம் 400 பீஸ். ஒரு பீஸுக்கு 22 நிமிடம் ஆகிறது. அதில் த்ரெட்டுக்கு மட்டும் 6 நிமிடம்.

இதை ஓட்டுபவர் அப்பாவோடு சேர்ந்தே வந்தவர். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். வயது 62. போன வருடம் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது. வெர்னியரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். பொங்கலோடு ஊருக்குப் போய்விடுகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் தேடி அலைந்துவிட்டேன். வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது ‘சி.என்.சி. இருக்கா’ என்பதுதான்.

அதனால் இந்த லேத்துக்கே குறைந்த செலவில் கண்ட்ரோல் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். கையில் 2 லட்சம் இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் நான்கு எலக்ட்ரானிக்ஸ் கடை ஏறி இறங்கினேன். மோட்டாருக்கு ஒருவர் ஸ்டெப்பர் (பல்ஸுக்கு ஒரு அடியாக நகர்வது) போதும் என்கிறார், ஒருவர் சர்வோ (நகர்ந்ததைத் தானே சரிபார்ப்பது) இல்லாமல் தொடாதே என்கிறார். ஆர்டுயினோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோல் சாஃப்ட்வேர் போட்டு வீட்டில் செதுக்கும் மெஷினாக ஒரு சின்ன ரவுட்டர் செய்திருக்கிறேன், அதையே இங்கேயும் போடலாமா? த்ரெட் வருமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். இந்த மெஷினைப் பிரித்து, சரியாக வராமல் போய்விட்டால், பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அப்பா தினம் காலையில் பெட்டைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். அதைக் கெடுத்துவிடக் கூடாது.

ராஜாஜிநகர்_பிட்டர் எழுதியது:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். முடியும். ஆனால் ஒரு நிபந்தனை: காஸ்டிங்கில் (வார்ப்பு உடலில்) கை வைக்கக் கூடாது. லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு, ஏப்ரன், பழைய கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸ் தடவி, கோணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வையுங்கள். புது பிராக்கெட் எல்லாம் ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டைகளில் உட்கார வேண்டும். நான் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங்கும் மாற்றியிருக்கிறேன். முதல் லேத்தில் கிராஸ் ஸ்லைடுக்கு 20 மி.மீ. பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) வாங்கிவிட்டேன். அதன் நட் 36 மி.மீ. தடிமன், ஃபிளான்ஜ் 58. ஸ்லைடுக்கு அடியில் அவ்வளவு இடமே இல்லை. அவசரத்தில் ஸ்லைடைத் தாங்கும் சாடிலைக் குடைந்தேன். அந்த மெஷினை இனி யாரும் பழையபடி ஆக்க முடியாது. அது இன்றும் எனக்கு வருத்தம். 16 மி.மீ. ஸ்க்ரூ என்றால் நட் 28, ஃபிளான்ஜ் 48. உங்கள் வேலைக்கு அதுவே போதும். வாங்கும் முன் ஸ்லைடைக் கழற்றி, அடியில் உள்ள இடத்தை அளந்து, ஒரு மரக்கட்டையை நட் அளவுக்குக் கடைந்து உள்ளே விட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். பால் நட்டை ஸ்க்ரூவிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றியே ஆகவேண்டும் என்றால் அதோடு வருகிற பிளாஸ்டிக் குழாயை முனையில் வைத்து, அதன்மேல் நகர்த்துங்கள். ஒரு முறை குழாய் இல்லாமல் திருப்பினேன். குண்டு எல்லாம் இரும்புச் சுருள் கிடந்த தரையில் கொட்டிவிட்டது. மேக்னெட்டால் பொறுக்கி, டீசலில் கழுவி, ஒன்றொன்றாக ட்வீசரில் உள்ளே வைத்து முடிப்பதற்குள் இரவு 11 மணி. கடைசிவரை மூன்று குண்டு கிடைக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மோட்டார், போர்டு எதையும் இன்னும் வாங்காதீர்கள். கண்ட்ரோல் என்பது மெஷினிடம் ‘இங்கே போ’ என்று மட்டும்தான் சொல்லும். பெட் தேய்ந்திருந்தால், சொன்ன இடத்துக்கு அது போகாது. ஏலத்தில் வந்த லேத்தில் பெரும்பாலும் ராடைப் பிடிக்கும் சக்குக்கு முன்னால் உள்ள 400 மி.மீ. பெட்தான் தேய்ந்திருக்கும், ஏனென்றால் முக்கால்வாசி வேலை அங்கேதான் நடந்திருக்கும். மறுமுனையில் டெயில்ஸ்டாக் பக்கம் புதிது மாதிரி இருக்கும். அதனால் முதலில் அளவெடுங்கள்.

40 மி.மீ. ராடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், 200 மி.மீ. வெளியே விடுங்கள். சக்குக்குப் பக்கத்தில் ஒரு காலர் (வளையம்), முனையில் ஒரு காலர் விட்டு, நடுவில் 2 மி.மீ. குறைத்துவிடுங்கள். பிறகு கூரான டூலில், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு காலர் மேலும் 0.1 ஆழத்தில் ஒரே கட். இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்று எழுதுங்கள். அடுத்து கிராஸ் ஸ்லைடு பிளே: டயல் கேஜை டூல் போஸ்ட்டில் முட்டவைத்து, கைப்பிடியைத் திசை மாற்றும்போது முள் அசையும் வரை எத்தனை கோடு சும்மா போகிறது என்று பாருங்கள். லேத்தில் எக்ஸ், அதாவது குறுக்கே நகரும் பக்கத்துப் பிழை விட்டத்தில் இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் இதை விடவே கூடாது. கடைசியாக ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் அச்சு) டேப்பருக்குள் கேஜ் வைத்து, கையால் சுற்றி ரன்-அவுட், அதாவது ஆட்டம், பாருங்கள்.

கிரைண்டிங் வெளியே என்று சொன்னீர்களே, அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய உதவி. 0.3 விட வேண்டிய இடத்தில் 0.05 தவறினாலும் கிரைண்டர் எடுத்துவிடும். இதே ஷாஃப்டை 13 மைக்ரானுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்றால், இந்த யோசனையே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

ஜிஆர்பிஎல் வேண்டாம். ரவுட்டருக்கு அது நல்லது. ஆனால் ஸ்பிண்டில் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, அதோடு டூலை நகர்த்த அதற்குத் தெரியாது. த்ரெட் என்பதே அதுதான். பதினைந்து கட்டும் ஒரே காடியில் விழ வேண்டும். லினக்ஸ்சிஎன்சி என்ற சாஃப்ட்வேர் போடுங்கள். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரசு நிறுவனம் 90களில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது, இன்றும் இலவசம். ஸ்பிண்டிலிலிருந்து டைமிங் பெல்ட்டில் ஒன்றுக்கு ஒன்றாக 1024 கோடு என்கோடர் (சுற்றலை எண்ணும் சென்சார்) போடுங்கள், இண்டெக்ஸ் பல்ஸ் உள்ளதாக. நான்கு மடங்காக எண்ணினால் ஒரு சுற்றுக்கு 4096. ஜி76 என்ற த்ரெட் கட்டளையை ஒரு வரி கொடுத்தால், சுற்றுக்கு ஒருமுறை வரும் இண்டெக்ஸுக்காகக் காத்திருந்து ஒவ்வொரு கட்டையும் அதே இடத்தில் தொடங்கும். 3 பிட்ச்சை 300 ஆர்.பி.எம்.மில் வெட்டினால் டூல் நிமிடத்துக்கு 900 மி.மீ. போகும். உங்கள் 6 நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

மோட்டார்: இசட்டுக்கு (பெட் நீளவாக்கில்) 750 வாட் ஏ.சி. சர்வோ, எக்ஸுக்கு க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர். 750 வாட் சர்வோ 3000 ஆர்.பி.எம். வரை 2.4 நியூட்டன் மீட்டர் தரும். 1:2 பெல்ட் போட்டால் ஸ்க்ரூவில் 4.8. 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூவில் அது 500 கிலோவுக்கு மேல் தள்ளும், உங்கள் வேலைக்கு அது அதிகமே. ஸ்டெப்பரின் மேல் எழுதியிருக்கும் 8, 12 நியூட்டன் மீட்டர் எல்லாம் நின்றுகொண்டிருக்கும்போது தரும் பலம். வேகம் ஏற ஏற அது கரைந்துவிடும்.

போர்டு விஷயத்தில் ஒரு கணக்கு. சர்வோவுக்குச் சுற்றுக்கு 4000 பல்ஸ், 1:2 பெல்ட், 5 மி.மீ. பிட்ச் என்றால் ஒரு மி.மீ.க்கு 1600 பல்ஸ். நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் போக நொடிக்கு 1,33,000 பல்ஸ் வேண்டும். பழைய பேரலல் போர்ட்டில் கம்ப்யூட்டரே பல்ஸ் போட்டால் 20, 30 ஆயிரத்தில் மூச்சு வாங்கும். அதனால் மேசா 7ஐ96எஸ் போன்ற ஈதர்நெட் கார்டு வாங்குங்கள். ஐந்து அச்சுக்குப் பல்ஸ், ஒரு என்கோடர், 11 இன்புட், 6 அவுட்புட். பல்ஸை அதுவே போட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டருக்குப் பழைய ஆபீஸ் பிசி போதும். பயாஸில் பவர் சேவிங் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லேட்டன்சி டெஸ்ட் (கம்ப்யூட்டர் தாமதிக்கிறதா என்ற சோதனை) ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கூடவே ஒரு வீடியோவும் ஓடட்டும்.

இன்னொரு யோசனை. உங்கள் பெட் 1500 இருக்கலாம், ஜாப் 180தான். முழு நீளத்துக்குப் பால் ஸ்க்ரூ வாங்காதீர்கள். சக் பக்கத்திலிருந்து 600 மி.மீ. ஓட்டம் வருகிற மாதிரி ஒன்று போதும். விலையும் குறையும், நடுவில் தொய்வும் இருக்காது.

பொம்மசந்திரா_ஜாப்வொர்க் எழுதியது:

பிட்டர் அண்ணா சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு வேறு கருத்து. 2 லட்சத்தோடு இன்னும் 3 லட்சம் கடன் வாங்கினால் பழைய சி.என்.சி. டர்னிங் சென்டர் ஒன்றே கிடைக்கும். நான் அப்படித்தான் 5 லட்சத்துக்கு எடுத்தேன். டூலைத் தானே மாற்றும் டர்ரெட் இருக்கிறது, மூடிய கேபின் இருக்கிறது, கூலன்ட் தெறிக்காது. என் ஆள் ஒருவர் இரண்டு மெஷின் பார்க்கிறார். உங்கள் லேத்தில் நான்கு முக டூல் போஸ்ட்டைக் கையால் திருப்ப ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மாற்றி முடிக்க மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதம் 400 பீஸை யார் கொடுப்பார்கள்? கம்பெனி உங்களுக்காகக் காத்திருக்காது. இதை யோசித்தீர்களா?

ராஜாஜிநகர்_பிட்டர் எழுதியது:

நியாயமான கேள்வி. மூன்று மாதம் மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. கண்ட்ரோல் பெட்டி, கம்ப்யூட்டர், மோட்டார் எல்லாவற்றையும் முதலில் டேபிள் மேல் ஓட்டி முடிக்க வேண்டும். பிராக்கெட் எல்லாம் வரைந்து, வெட்டி, தயாராக வைக்க வேண்டும். லேத்தைத் தொடும் நாள் அதற்குப் பிறகுதான். இரண்டாவது லேத்தில் எனக்கு மெஷின் நின்றது 12 நாள். தசரா விடுமுறையையும் சேர்த்துக்கொண்டேன். அதற்கு முன் ஒரு மாதத்துக்கான பீஸை ஓவர்டைம் போட்டு ஸ்டாக் வைத்தேன்.

பழைய சி.என்.சி. பற்றி: நல்லது கிடைத்தால் நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் 15 வருடம் பழைய கண்ட்ரோலில் ஒரு போர்டு போனால் அந்த போர்டு தயாரிப்பிலேயே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு ஷெட்டில் பவர் சப்ளை ஒன்று போய், ரிப்பேருக்குக் கொடுத்தவர் ஏழு வாரம் வைத்திருந்தார். இந்தத் தம்பி எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். தானே கட்டிய பெட்டி என்றால், எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியும். கடன் இல்லாமல் தூங்குவதும் கணக்கில் சேரும்.

டூல் போஸ்ட் பற்றிச் சொன்னது சரி. நான் கிராஸ் ஸ்லைடு மேலேயே மூன்று டூலை வரிசையாகப் பிடிக்கிற மாதிரி ஒரு தகடு போட்டுக்கொண்டேன். 40 மி.மீ. ராடுக்கு இடம் போதும். ஸ்லைடு நகர்ந்தாலே டூல் மாறிவிடும்.

யஷ்வந்த்பூர்_பேனல் எழுதியது:

நான் பேனல் ஒயரிங் செய்கிறவன். இரண்டே விஷயம், ஆனால் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

எமர்ஜென்சி பட்டனைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் அந்த பட்டனுக்கு உயிர் இல்லை. பட்டனை அமுக்கினால் கான்டாக்டர் (மெயின் மின்சார ஸ்விட்ச்) விழ வேண்டும், டிரைவுக்கும் ஸ்பிண்டிலுக்கும் மின்சாரம் நிற்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு ‘அமுக்கியாச்சு’ என்ற தகவல் மட்டும் தனியாகப் போகட்டும். இத்தனை வருடம் அந்த லேத் கைப்பிடியைத் திருப்பினால்தான் நகர்ந்தது. இனி அது தானாக நகரும். பழகிய கை பழைய ஞாபகத்தில் உள்ளே போகும். சக்குக்கு மூடி போட்டு, மூடியைத் திறந்தால் ஸ்பிண்டில் நிற்கிற மாதிரி ஒரு ஸ்விட்சும் வையுங்கள். உங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது என்கிறீர்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்தது எர்த். ஸ்பிண்டில் மோட்டாருக்கு வி.எஃப்.டி. (வேகத்தை மாற்றும் டிரைவ்) போடுவீர்கள். அதைப் போட்டதும் ஷெட்டில் உள்ள எல்லா சிக்னலும் கலங்கும். லிமிட் ஸ்விட்ச் யாரும் தொடாமலே தட்டும், என்கோடர் எண்ணிக்கை நகரும். போன ஏப்ரலில் பீன்யாவிலேயே ஒரு ஷெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 11 வோல்ட் பார்த்தேன். எர்த் குழியைத் தோண்டினால் உள்ளே காய்ந்த மண். கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் விட்டு, புது தகடு இறக்கிய பிறகுதான் மெஷின் ஒழுங்காக ஓடியது. வி.எஃப்.டி. ஒயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், சிக்னல் ஒயரோடு ஒரே டிரேயில் ஓடக் கூடாது. சிக்னல் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்விட்ச் எல்லாம் 24 வோல்ட், 5 வோல்ட் வேண்டவே வேண்டாம்.

பீன்யா_ஷெட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவும் உட்கார்ந்து அளந்தோம்.

இரண்டு காலருக்கு நடுவில் 180 மி.மீ. முனையில் உள்ளது 0.07 பெரிது. ஸ்பிண்டில் ரன்-அவுட் ஒரு கோடுகூட இல்லை, 0.01க்குள். கிராஸ் ஸ்லைடு பிளேதான் மோசம், 0.35. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, ‘அது எனக்குத் தெரியும், நான் எப்பவும் ஒரு சுற்று பின்னால போய்த்தான் முன்னால வருவேன்’ என்றார். எர்த் குழியையும் பார்த்தேன். மேலே மூடி இருக்கிறது, உள்ளே சுருள் குப்பைதான் இருக்கிறது.

சாடில் கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) கழற்றிப் பார்த்தபோது உள்ளே அப்பா எழுத்தில் பென்சிலால் ஒரு தேதி இருந்தது. கடைசியாக அதைச் சரிசெய்த நாளாக இருக்க வேண்டும். அதைத் துடைக்காமல் அப்படியே மாட்டிவிட்டேன்.

0.07 இருந்தால் பெட்டை ஸ்க்ரேப் செய்ய (சுரண்டிச் சமப்படுத்த) அனுப்ப வேண்டுமா?

ராஜாஜிநகர்_பிட்டர் எழுதியது:

வேண்டாம். உங்கள் ஜாப் எப்போதும் பெட்டில் ஒரே இடத்தில்தான் ஓடும். அந்த 0.07ஐ புரோகிராமில் எதிர்ப் பக்கமாக டேப்பர் கொடுத்தால் 0.02க்குள் கொண்டுவந்துவிடலாம். 0.3 விடுகிற ஜாபுக்கு அது தாராளம். வேறு ஜாப் வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 0.35 பழைய ஸ்க்ரூவோடும் நட்டோடும் போய்விடும், 16 மி.மீ. பால் ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறது. தைரியமாக இறங்குங்கள்.

புரோகிராமை முதலில் ராடு இல்லாமல் காற்றில் ஓட்டுங்கள், பிறகு நைலான் ராடில், பிறகுதான் இ.என்.8. 100 பல்ஸ் கைச்சக்கரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஒரு க்ளிக்குக்கு 0.01 நகரும். சித்தப்பா அதைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்.

அவர் ஊருக்குப் போவதற்குள் இன்னொரு வேலை. எந்த ஸ்டெப்புக்கு எந்த ஆர்.பி.எம்., எவ்வளவு ஃபீட், த்ரெட்டுக்கு எத்தனை கட், முதல் கட் எவ்வளவு, கடைசி கட் எவ்வளவு, எந்தச் சத்தம் வந்தால் டூலை மாற்றுவார் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். ஜி76இல் நீங்கள் நிரப்ப வேண்டிய எண் எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.

பீன்யா_ஷெட் எழுதியது:

எழுதத் தொடங்கிவிட்டேன். 3 பிட்ச்சுக்கு 16 கட். முதல் நான்கும் 0.2, அப்புறம் குறைந்துகொண்டே வருகிறது, கடைசி இரண்டும் ஆழம் கூட்டாமல் சும்மா. ஏன் கடைசி இரண்டு என்று கேட்டேன். ‘டூல் வளைஞ்சு நிக்கும், அது நிமிர்ற வரைக்கும் விடணும்’ என்றார். நாளைக்குக் கிராஸ் ஸ்லைடைக் கழற்றி மரக்கட்டை விட்டுப் பார்க்கிறேன். அளவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.